முரண்டு பிடிக்கும் புல்லி

காலை ஐந்தரை மணி. தாராவி 90 அடி சாலை. ஒரு டாக்சி நிற்கிறது. ஓட்டுநர் வண்டியை எடுக்கிறார். வண்டி நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். ஆயில்! நேற்றும் அந்த வட்டம் இருந்தது. இன்று பெரிதாகி இருக்கிறது.

என்ன ஆயிற்று? எஞ்சினின் முன்பக்க ஆயில் சீல் போய்விட்டது. ஆயில் சீல் என்பது ஒரு ரப்பர் வளையம். பார்க்க வளையல் போல இருக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் ஆயில் வெளியே கசியாமல் தடுப்பது அதன் வேலை. அதன் விலை பெரிய விலை அல்ல. மாற்றுவதும் கஷ்டமான வேலை அல்ல. ஆனால் அதன் முன்னால் ஒரு காவல்காரன் நிற்கிறான். அவனை நகர்த்தினால்தான் சீலைத் தொட முடியும். அவன் பெயர் கிராங்க் புல்லி.

சில நாள் அவன் பத்து நிமிடத்தில் வழி விடுவான். சில நாள் பொழுது சாயும் வரை அசைய மாட்டான். அப்படி ஒரு நாள் போனால், அன்றைய வருமானம் போயிற்று. ஆத்திரப்பட்டால் கை விரலும் போகும். இந்தப் புல்லியை எப்படிக் கழற்றுவது? அது ஏன் முரண்டு பிடிக்கிறது? பார்ப்போம்.

தையல் மெஷினும் எஞ்சினும்

தாராவியில் தையல் மெஷின் ஓடாத சந்து ஏது? கால் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். காலால் பலகையை மேலும் கீழும் மிதிக்கிறோம். பலகையில் ஒரு கம்பி மாட்டியிருக்கிறது. அந்தக் கம்பி பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. மேலும் கீழுமாகப் போன அசைவு, சுழலும் அசைவாக மாறுகிறது. சக்கரத்தில் ஒரு தோல் பெல்ட் ஓடுகிறது. அந்தப் பெல்ட் மேலே உள்ள மெஷினை ஓட்டுகிறது.

கார் எஞ்சினும் இப்படித்தான். எஞ்சினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் போய் வருகின்றன. அவைதான் கால். அவற்றின் கீழே வளைவு வளைவாக ஒரு கனத்த இரும்புத் தண்டு இருக்கிறது. அதன் பெயர் கிராங்க் ஷாஃப்ட். பிஸ்டன்கள் அதைச் சுற்றுகின்றன. அந்தத் தண்டின் ஒரு முனை கியர் பக்கம் போய்ச் சக்கரங்களை ஓட்டுகிறது. மறுமுனை எஞ்சினுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனையில் மாட்டிய சக்கரம்தான் புல்லி. நம் ஊர்க் கிணற்றுக் கப்பி மாதிரி விளிம்பில் பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தில் பெல்ட் ஓடும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை இந்தப் பெல்ட்தான் ஓட்டுகிறது. தண்ணீர் பம்பு, ஏசி ஆகியவையும் பல வண்டிகளில் இதனால்தான் ஓடுகின்றன.

தண்டின் நுனியில் மரை வெட்டிய துளை உண்டு. ஒரு பெரிய போல்ட் அதில் இறங்கி, புல்லியை அழுத்திப் பிடிக்கும். பழைய வண்டிகளில் போல்ட்டுக்குப் பதிலாக நட்டும் இருக்கும். புல்லிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு சிறு இரும்புத் துண்டு உண்டு. பல வண்டிகளில் அது பாதி நிலா வடிவில் இருக்கும். மெக்கானிக்குகள் இதைக் 'கீ' என்பார்கள். புல்லி தண்டின் மேல் வழுக்கிச் சுற்றாமல் அது காக்கிறது. வேலை நடக்கும்போது முதலில் தொலைவதும் இந்தக் கீதான்!

நான் அடித்த அடி

எனக்கு அப்போது பதினாறு வயது. மாட்டுங்காவில் ஒரு கேரேஜில் எடுபிடி வேலை. ஒரு பழைய அம்பாசடர் வந்தது. இதே கோளாறுதான். முன்பக்கம் ஆயில் கசிவு. அண்ணாச்சி டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் கழற்றி வைத்து நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைத்தேன். ஸ்பானரைப் போட்டு இழுத்தேன். அசையவில்லை. குழாயை மாட்டி இழுத்தேன். அசையவில்லை. கோபம் வந்தது. உளியும் சுத்தியலும் எடுத்து அடித்தேன். புல்லியின் விளிம்பு நசுங்கியது. நட்டு அப்படியே இருந்தது.

அண்ணாச்சி வந்தார். "ஏலே, என்னலே பண்ணுதே?"

"கழற மாட்டேங்குது அண்ணாச்சி."

"கழறலைன்னா ஏன் கழறலைன்னு பாருலே. அடிச்சா அது பேசுமா?"

அவர் டார்ச் அடித்துக் காட்டினார். நட்டுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று இருந்தது. அதன் ஓரத்தை மடக்கி நட்டின் பக்கவாட்டில் படிய வைத்திருந்தார்கள். அதுதான் பூட்டு. நட்டு தானாகக் கழன்றுவிடாமல் பிடிக்கும் பூட்டு வாஷர். உளியின் முனையால் அந்த ஓரத்தை நிமிர்த்தினார். இரண்டு தட்டு. அப்புறம் ஸ்பானரைப் போட்டார். நட்டு வந்துவிட்டது. நசுங்கிய புல்லிக்குப் பதில் பழைய புல்லி ஒன்றைத் தேடி நான் குர்லாவுக்கு நடந்தேன். அந்த மாதம் என் கைக்கு வந்த கூலி குறைவு.

ஆகவே முதல் வேலை பார்ப்பது. அழுக்கையும் கிரீஸையும் துணியால் துடையுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். பூட்டு வாஷர் இருக்கிறதா? புல்லியைச் சுற்றி நாலைந்து சிறு போல்ட்டுகள் இருக்கின்றனவா? சில வண்டிகளில் அந்தச் சிறு போல்ட்டுகளைக் கழற்றினாலே புல்லி வந்துவிடும். பெல்ட்டை மாற்றப் போகிறவர் நடுவில் இருக்கும் பெரிய போல்ட்டோடு வீணாக மல்லுக்கட்ட வேண்டாம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்?

முதல் காரணம், அதைத் தொழிற்சாலையிலேயே அப்படித்தான் முறுக்கியிருக்கிறார்கள். இந்தப் போல்ட் தளர்ந்தால் புல்லி ஆடும். புல்லி ஆடினால் கீ தேயும். கீ தேய்ந்தால் தண்டு கெடும். தண்டு கெட்டால் எஞ்சினையே இறக்க வேண்டும். அந்தச் செலவை நினைத்தாலே தலை சுற்றும். அதனால்தான் இவ்வளவு முறுக்கம்.

முறுக்கத்துக்கு ஓர் அளவு உண்டு. ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால், அந்த முறுக்கம் 10 கிலோ-மீட்டர். இதைத் தூரத்தைச் சொல்லும் கிலோமீட்டர் என்று படித்துவிடாதீர்கள். தாராவியிலிருந்து செம்பூர் எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு வேறு. இது கிலோவும் மீட்டரும் பெருகிய கணக்கு. சில புத்தகங்களில் நியூட்டன்-மீட்டர் என்று போட்டிருக்கும். 1 கிலோ-மீட்டர் என்பது ஏறக்குறைய 10 நியூட்டன்-மீட்டர்.

சிறிய காரின் டயர் நட்டுக்கு ஏறக்குறைய 10 கிலோ-மீட்டர் போதும். ஸ்பார்க் பிளக்குக்கு 2 அல்லது 3. கிராங்க் புல்லியின் நடுப் போல்ட்டுக்குப் பல கார்களில் 10 முதல் 20 வரை. சிலவற்றில் அதற்கும் மேல். முறுக்கும்போதே இவ்வளவு. பல வருடம் கழித்துக் கழற்றும்போது இன்னும் கூடுதலாகக் கேட்கும்.

இரண்டாவது காரணம் துரு. மும்பைக் காற்றில் கடல் உப்பு இருக்கிறது. மழைக்காலத்தில் சயானிலும் கிங்ஸ் சர்க்கிளிலும் குர்லாவிலும் தெருவில் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரில் டாக்சி ஓடுகிறது. புல்லி எஞ்சினின் கீழ்ப்பாகத்தில் இருக்கிறது. ஆகவே அதுதான் சீக்கிரம் நனையும். 2005 ஜூலை 26-ஆம் நாளை மும்பைக்காரர் யாரும் மறக்கவில்லை. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு கரை மீறியது. எத்தனையோ வண்டிகள் முழுதாக முழுகின. அப்படிச் சேற்றில் கிடந்த வண்டியில் புல்லியும் தண்டும் துருவால் ஒட்டிக்கொள்ளும். பசை போட்டு ஒட்டியது போல இருக்கும்.

மூன்றாவது காரணம் இடம். அந்தக் காலத்து மும்பை டாக்சி பத்மினி. குர்லாவில் இருந்த பிரீமியர் தொழிற்சாலையில் செய்தார்கள். 1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்த கார்தான் 1970-களில் பத்மினி என்று பெயர் மாறியது. கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29 அன்று பதிவானது. மும்பையில் டாக்சிக்கு 20 வருடம்தான் ஆயுள். ஆகவே 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்சி தெருவில் இல்லை. அதன் எஞ்சின் நீளவாக்கில் இருந்தது. புல்லி வண்டியின் மூக்கைப் பார்த்து நின்றது. இப்போது ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலும் எஞ்சின் குறுக்குவாக்கில் இருக்கிறது. புல்லி ஏதாவது ஒரு முன் சக்கரத்தைப் பார்த்து நிற்கும். சக்கரத்தையும், உள்ளே உள்ள பிளாஸ்டிக் மறைப்பையும் கழற்றினால்தான் அது கண்ணில் படும். பட்டாலும், உடம்புக்கும் புல்லிக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் இருக்கும். கம்பியைத் திருப்ப இடம் போதாது.

ஜாக்கியை நம்பாதீர்கள்

வண்டியைத் தூக்க வேண்டும். இங்கே கொஞ்சம் நிதானம். ஜாக்கி வண்டியைத் தூக்கத்தான். தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. கையைக் கூட நீட்டக் கூடாது. இந்த வேலையில் நீங்கள் முழு பலத்தோடு கம்பியை இழுக்கப் போகிறீர்கள். வண்டி ஆடும். ஆடினால் ஜாக்கி சாயும்.

சமமான, கெட்டியான தரையில் வண்டியை நிறுத்துங்கள். மழையில் ஊறிய மண் வேண்டாம். சரிவு வேண்டாம். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கியால் தூக்கியதும் இரும்பு ஸ்டாண்டு வைத்து வண்டியை அதன்மேல் இறக்குங்கள். ஸ்டாண்டு இல்லையா? பக்கத்துக் கேரேஜில் வாடகைக்குக் கேளுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டவே வேண்டாம். பாரம் ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்க வையுங்கள். எல்லாம் தவறினாலும் வண்டி அதன்மேல் விழும். உங்கள்மேல் விழாது.

எஞ்சின் ஆறட்டும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வையுங்கள். நீங்கள் கம்பி மாட்டியிருக்கும்போது யாராவது தெரியாமல் சாவியைத் திருப்பிவிடக் கூடாது.

எந்தப் பக்கம் திருப்புவது?

இது சின்னக் கேள்வி. ஆனால் இதில் தவறியவர்கள் அநேகம். அநேகமாக எல்லா வண்டிகளிலும் இந்தப் போல்ட் சாதாரண வலது மரைதான். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பாருங்கள். கடிகார முள் ஓடும் திசையில் திருப்பினால் இறுகும். எதிர்த் திசையில் திருப்பினால் கழலும். குனிந்தும் படுத்தும் தலைகீழாகப் பார்க்கும்போது மனம் குழம்பும். அப்போது ஒரு சாதாரணப் போல்ட்டைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் புத்தகம் கிடைத்தால் அதைப் பாருங்கள். முறுக்க அளவும் அதில் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது தேவைப்படும்.

கூடவே சுழல்கிறதே!

போல்ட்டில் பாக்ஸ் ஸ்பானரைப் போட்டு இழுக்கிறீர்கள். போல்ட் கழலவில்லை. எஞ்சினே சுழல்கிறது! ஆமாம். போல்ட் தண்டில் இருக்கிறது. தண்டு சுழலத்தானே செய்திருக்கிறார்கள்? ஆகவே தண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கியர் வண்டியாக இருந்தால் எளிய வழி உண்டு. டாப் கியரில் போடுங்கள். உள்ளே ஒருவரை உட்கார வைத்து, கால் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். சக்கரம் நின்றால் கியர் நிற்கும். கியர் நின்றால் தண்டு நிற்கும். ஏன் டாப் கியர்? மலையேற முதல் கியர் போடுகிறோம். அதில் எஞ்சின் சுலபமாகச் சக்கரத்தைத் திருப்பிவிடும். டாப் கியரில் அது கஷ்டப்படும். நமக்கு வேண்டியது அந்தக் கஷ்டம்தான்.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இது பலிக்காது. சில புல்லிகளில் ஆறு முகப் பள்ளமோ துளைகளோ இருக்கும். அதில் மாட்டிப் பிடிக்கத் தனிக் கருவி விற்கிறது. பழைய ஆட்கள் செய்யும் இன்னொரு வழியும் உண்டு. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகப் பருத்திக் கயிற்றைச் சிலிண்டருக்குள் விடுவார்கள். பிஸ்டன் மேலே வரும்போது கயிறு நசுங்கி அதை நிறுத்தும். நல்ல வழிதான். ஆனால் அந்தச் சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் மூடியிருக்க வேண்டும். டைமிங் பெல்ட் மாட்டியபடியே இருக்க வேண்டும். கயிற்றின் ஒரு நுனி வெளியே நீண்டிருக்க வேண்டும். இந்த மூன்றும் புரியாதவர் இதைச் செய்ய வேண்டாம்.

நீண்ட கம்பி

தண்டைப் பிடித்தாயிற்று. இப்போது பலம் வேண்டும். பலம் என்றால் உடம்பு பலம் மட்டும் அல்ல. கம்பியின் நீளமும் பலம்தான். 20 கிலோ-மீட்டர் முறுக்கம் வேண்டும் என்று வையுங்கள். கால் மீட்டர் கம்பியில் 80 கிலோ அழுத்த வேண்டும். அது நம்மில் பலருடைய முழு எடையைவிட அதிகம். அரை மீட்டர் கம்பியில் 40 கிலோ. ஒரு மீட்டர் கம்பியில் 20 கிலோ போதும். ஒரு சின்ன அரிசி மூட்டையின் பாரம்! ஒல்லியான ஆளும் செய்துவிடலாம்.

கம்பியின்மேல் இரும்புக் குழாய் ஒன்றை மாட்டினால் நீளம் கிடைக்கும். ஆனால் கம்பி தரமானதாக இருக்கட்டும். மட்டமான கம்பி ஒடியும். ஒடிந்தால் முட்டி உடையும். ஆறு முக பாக்ஸ் ஸ்பானரே நல்லது. பன்னிரண்டு முகம் உள்ளது போல்ட்டின் மூலையைத் தின்றுவிடும். ஸ்பானர் போல்ட்டில் முழுதாக உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பி நீளமாக இருந்தால் அதன் நடுவே ஒரு ஸ்டாண்டோ கட்டையோ கொடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பானர் சாய்ந்து வழுக்கும். கம்பியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பாரத்தை மெல்ல ஏற்றுங்கள். சில சமயம் துப்பாக்கி வெடித்த மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பயப்பட வேண்டாம். போல்ட் விட்டுக்கொடுத்த சத்தம் அது.

போல்ட்டுக்குத் துரு எண்ணெய் விடலாமா? விடலாம். ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மரை தண்டுக்குள் ஆழத்தில் இருக்கிறது. போல்ட்டின் தலை மேலே மூடிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் அங்கே போவது கடினம். சூடு காட்டுவதையும் சொல்வார்கள். இரும்பு சூட்டில் விரியும் என்பது உண்மை. ஆனால் 5 சென்டிமீட்டர் இரும்பு, 100 டிகிரி சூடு ஏறினால், 0.06 மில்லிமீட்டர்தான் விரியும். தலைமுடியின் கனம்! அந்த முடியளவும் சில நேரம் உதவும்தான். ஆனால் பக்கத்திலேயே ரப்பர் சீல் இருக்கிறது. ஆயில் இருக்கிறது. பெட்ரோல் குழாய் இருக்கிறது. தெருவோரம் வைத்துச் செய்யும் வேலையில் நான் நெருப்பைக் கொண்டுபோவதில்லை.

டயர்க் கடைகளில் 'டர்ர்ர்' என்று டயர் நட்டைக் கழற்றும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். அது இம்பாக்ட் கன். அது ஒரே இழுப்பாக இழுப்பதில்லை. நொடிக்குப் பல முறை திருப்பித் திருப்பிக் குத்துகிறது. கனமான தண்டு அந்த வேகத்துக்குச் சுழல முடியாது. துருப்பிடிப்பு மட்டும் உடைகிறது. பலம் உள்ள கன் ஒன்று அக்கம்பக்கத்தில் இருந்தால், கொஞ்சம் பணம் கொடுத்துச் செய்துகொள்வது லாபம். அரை நாள் மிச்சம். இதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

ஒரு தந்திரம் பற்றி எச்சரிக்க வேண்டும். கம்பியின் நுனியைத் தரையிலோ வண்டிச் சட்டத்திலோ முட்டுக் கொடுத்துவிட்டு, சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டுவார்கள். எஞ்சின் சுழலும், கம்பி நிற்கும், போல்ட் கழலும். வேலை ஒரு நொடியில் முடியும். செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கம்பி நழுவினால் ஈட்டி மாதிரிப் பாயும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் இன்னும் மோசம். பழைய ஹோண்டா எஞ்சின்கள் சில எதிர்ப் பக்கம் சுழலும். அவற்றில் போல்ட் கழலாது. இன்னும் இறுகும். இதை நான் பழகுகிற பையன்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

போல்ட் வந்தது, புல்லி வரவில்லை

போல்ட் கையில் வந்துவிட்டது. டீ சொல்லலாம் என்று தோன்றும். பொறுங்கள். புல்லி இன்னும் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். இங்கேதான் சுத்தியல் கையைத் தேடி வரும்.

ஏன் அடிக்கக் கூடாது? பல புல்லிகள் ஒரே இரும்பு அல்ல. நடுவில் ஓர் இரும்பு. வெளியே ஓர் இரும்பு வளையம். இரண்டுக்கும் நடுவே ரப்பர். எஞ்சின் தண்டின் அதிர்வைத் தாங்கிக்கொள்ள அந்த ரப்பர். விளிம்பில் அடித்தாலும், விளிம்பைப் பிடித்து இழுத்தாலும் ரப்பர் கிழியும். புல்லி கோணலாக ஓடும். பெல்ட் கழன்று விழும். இரண்டு பெரிய ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால், பின்னால் உள்ள அலுமினிய மூடி உடையும். அதன் விலை சீலின் விலையைப் போலப் பல மடங்கு.

மாட்டுங்காவில் ரயில்வே பணிமனை இருக்கிறது. 1915 முதல் இருக்கிறது. ரயில் சக்கரத்தை அச்சில் எப்படி ஏற்றுகிறார்கள், எப்படி இறக்குகிறார்கள் தெரியுமா? சுத்தியலால் அல்ல. அழுத்தும் எந்திரத்தால். நேராக, மெதுவாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தி. நம் புல்லிக்கும் அதே முறைதான். கருவிதான் சின்னது. அதன் பெயர் புல்லர்.

புல்லிக்கு முன்னால் துரு எண்ணெய். இங்கே எண்ணெய் உண்மையாகவே உதவும். புல்லிக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள கோட்டில் விடுங்கள். அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். இப்போது டீ குடிக்கலாம்.

புல்லியின் நடுப்பாகத்தைப் பாருங்கள். பல புல்லிகளில் மரை வெட்டிய இரண்டு அல்லது மூன்று சிறு துளைகள் இருக்கும். புல்லரை மாட்டத்தான் அவை. அந்தத் துளைகளில் போல்ட்டு போட்டு இழுக்கும் புல்லரே நல்லது. விலைக்கு வாங்க முடியாவிட்டால் லேத் பட்டறையில் கனமான பட்டை இரும்பில் மூன்று துளை போட்டு வாங்கலாம். ஓரத் துளை இரண்டிலும் போல்ட்டு. நடுத் துளையில் மரை வெட்டி ஒரு பெரிய திருகு. திருகை இறுக்கினால் அது தண்டைத் தள்ளும். பட்டை புல்லியை இழுக்கும். துளை இல்லாத புல்லிக்கு மூன்று கால் புல்லர். அதன் கால்கள் நடு இரும்பைப் பிடிக்க வேண்டும். வெளி வளையத்தை அல்ல.

திருகின் முனை தண்டின் மரையைக் கெடுத்துவிடக் கூடாது. கழற்றிய போல்ட்டை வாஷர் இல்லாமல் திரும்பக் கொஞ்சம் உள்ளே விடுங்கள். தலைக்கும் புல்லிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கட்டும். புல்லர் அந்தத் தலையில் முட்டட்டும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. புல்லி திடீரென்று வந்தாலும் கால்மேல் விழாது. போல்ட்டின் தலை தடுத்துக்கொள்ளும்.

திருகைக் கால் சுற்று இறுக்குங்கள். நிறுத்துங்கள். எண்ணெய் விடுங்கள். மறுபடி கால் சுற்று. இறுக்கத்தில் இருக்கும்போது திருகின் தலையில் சின்னச் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டலாம். அந்த அதிர்வில் துரு விடும். பலமாக அடித்தால் உள்ளே இருக்கும் பேரிங் பாழாகும்.

திரும்ப மாட்டும்போது

புல்லி வந்ததும் முதலில் கீயைத் தேடி எடுங்கள். ஒரு தீப்பெட்டியில் போட்டு, மேலே 'கீ' என்று எழுதி வையுங்கள். சிறு போல்ட்டுகளை இன்னொரு டப்பாவில் போட்டு, எத்தனை என்று எழுதுங்கள். இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

புல்லியின் பின்புறம் குழாய் மாதிரி ஒரு பாகம் நீண்டிருக்கும். ஆயில் சீல் உரசும் இடம் அது. விரலால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவு பள்ளம் விழுந்திருக்கிறதா? அப்படியானால் புது சீல் போட்டாலும் ஆயில் கசியும். "சீல் மாற்றியும் ஒழுகுகிறதே, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று சண்டை போடுவது இதனால்தான். புல்லியை மாற்ற வேண்டும். அல்லது அந்த இடத்தின்மேல் மெல்லிய உறை ஒன்று போட வேண்டும். பள்ளம் இல்லையென்றால் துருவை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் துடையுங்கள். புது சீலின் உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி மாட்டுங்கள்.

டைமிங் பெல்ட்டையும் கழற்றியிருந்தால், அதை மாட்டும் வரை தண்டைச் சும்மா சுற்றிப் பார்க்காதீர்கள். பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும்.

போல்ட்டின் மரையைத் துடைத்துக் கையால் விடுங்கள். கையாலேயே பாதி தூரம் போக வேண்டும். போகவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது. எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். சில வண்டிகளில் பழைய போல்ட்டைத் திரும்பப் போடக் கூடாது. முறுக்கும்போது அது சற்று நீண்டுவிடும். புத்தகத்தில் அப்படிப் போட்டிருந்தால் புதுப் போல்ட்டே போடுங்கள்.

கடைசி முறுக்கம் டார்க் ரெஞ்சால். புத்தகத்திலிருந்து எழுதி வைத்தீர்களே, அந்த அளவுக்கு வையுங்கள். அளவு வந்ததும் 'கிளிக்' என்று சொல்லும். கழற்றப் பட்ட பாட்டை நினைத்து, இறுக்கும்போது பாவம் பார்ப்பவர்கள் உண்டு. அடுத்த தடவை சுலபமாக வரட்டும் என்று கொஞ்சம் தளர்வாக விடுவார்கள். அந்த வண்டி சில மாதத்தில் புல்லி ஆடிக்கொண்டு திரும்பி வரும். கீ போயிருக்கும். தண்டின் நுனியும் தேய்ந்திருக்கும்.

பெல்ட்டைப் போடுங்கள். பேட்டரி ஒயரை மாட்டுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, டயர் நட்டுகளை இறுக்கி, ஸ்டார்ட் செய்யுங்கள். சட்டைக் கை, துண்டு, தலைமுடி எதுவும் பெல்ட்டின் அருகே போகக் கூடாது. தள்ளி நின்று புல்லியைப் பாருங்கள். அது நேராகச் சுற்ற வேண்டும். விளிம்பு இப்படியும் அப்படியும் அலையக் கூடாது. பத்து நிமிடம் ஓடட்டும். பிறகு வண்டிக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் வந்து தாளைப் பாருங்கள்.